நிற்கும்போது ஏழு, பாயும்போது சுழியம்

சோளிங்கர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு யோக நரசிம்மரின் பெரிய மலையும், 1,300-க்கு மேற்பட்ட படிகளும், 2024-ல் வந்த ரோப் காரும் நினைவுக்கு வரும். மோட்டார் தொழிலில் இருப்பவரைக் கேட்டால் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்படத் தொழிற்சாலையைச் சொல்வார். பக்கத்துப் புலிவலத்தில் டர்போ எனர்ஜி நிறுவனம் டர்போசார்ஜர் செய்வதையும் சேர்த்துக்கொள்வார். வண்டியை நிறுத்தும் சாமான் ஓரிடத்தில், விரட்டும் சாமான் சற்றுத் தள்ளி. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் பதனிடும் ஊர்களை வைத்தே இந்த வட்டாரத்தை அடையாளம் காட்டிப் பழகிவிட்டோம். எஞ்சினுக்கு மூச்சு கொடுக்கும் தொழில் இங்கே நடப்பது பலருக்குத் தெரியாது.

மூச்சு என்று சொன்னது சும்மா இல்லை. எஞ்சினின் சக்தியைக் கூட்ட வேண்டுமென்றால் பெட்ரோலை அதிகம் ஊற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம்; எரிக்க ஆக்ஸிஜன் வேண்டுமே. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று தேவை. அந்தக் காற்றில் எடைக்கணக்கில் ஆக்ஸிஜன் 23 விழுக்காடுதான், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். ஆகவே கூடுதல் சக்திக்கான வழிகள் எல்லாமே கூடுதல் ஆக்ஸிஜனுக்கான வழிகள்தான். புலிவலத்து டர்போ காற்றை அழுத்தித் திணிக்கிறது. நின்ற இடத்திலிருந்து நேர்ப்பாதையில் பாய்ந்து போட்டியிடும் டிராக் பந்தயக்காரர்கள் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள்: ஆக்ஸிஜனை பாட்டிலில் அடைத்து எடுத்துப் போவது. அதுதான் நைட்ரஸ் ஆக்சைடு. அறுவை அரங்குகளில் நீலச் சிலிண்டரில் நிற்கிற அதே மயக்க வாயு.

அதன் எடையில் 36 விழுக்காடு ஆக்ஸிஜன். எஞ்சின் சிலிண்டரின் வெப்பத்தில் அது நைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் உடைகிறது. உடையும்போது வெப்பத்தை உறிஞ்சாமல், 44 கிராமுக்கு 82 கிலோஜூல் வீதம் வெப்பத்தை வெளியிடவும் செய்கிறது. பாட்டிலில் திரவமாக இருந்து வெளிவந்ததும் சுழியத்துக்குக் கீழே 88 டிகிரியில் கொதிப்பதால் உள்ளே போகும் காற்றையும் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியான காற்று. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானப்படை ‘ஜிஎம்-1’ என்ற பெயரில் இதைப் பயன்படுத்தியது. மேலே போகப் போகக் காற்று மெலியும், எஞ்சின் மூச்சுத் திணறும். அப்போது விமானி நைட்ரஸைத் திறந்துவிடுவார்.

ஆக்ஸிஜனை நைட்ரஜனோடு கட்டி எடுத்துப் போகும் உத்தி இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படையை மைசூர் ராக்கெட்டுகள் சிதறடித்தன. ஓராண்டு கழித்து, 1781 செப்டம்பர் 27 அன்று, மைசூரின் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் சோளிங்கரிலேயே மோதினார்கள். இரும்புக் குழாய் ராக்கெட்டுக்குள் இருந்த வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், செய்த வேலையும் இதுவே: வெளிக்காற்றுக்குக் காத்திராமல் தன் ஆக்ஸிஜனைத் தானே கொண்டுவருவது.

இனி கோளாறுக்கு வருவோம். நைட்ரஸ் பூட்டிய டிராக் காரில் வரும் கோளாறுகளில் மிக அதிகமானது, மிகச் செலவு வைப்பது, மெக்கானிக்கை மிக எளிதில் ஏமாற்றுவது ஒன்றே: பெட்ரோல் போதாமை. கார் நின்ற இடத்தில் அருமையாக ஐடிலிங் ஆகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சீறுகிறது. கார்புரேட்டர் பக்கத்திலுள்ள பிரஷர் கேஜ் ஏழு காட்டுகிறது, பி.எஸ்.ஐ. கணக்கில் ஏழு. டயர் கடையில் ‘முப்பது வைக்கட்டுமா’ என்று கேட்பதும் இந்த அலகில்தான். பச்சை விளக்கு விழுகிறது, நைட்ரஸ் திறக்கிறது, கார் இருபது மீட்டர் பாய்கிறது, பிறகு தடுமாறுகிறது. ‘டப்’ என்று கார்புரேட்டர் வழியாகத் திருப்பி வெடிக்கிறது. ஓரமாக நிறுத்தி மறுபடி கேஜைப் பார்த்தால் அதே ஏழு. “பம்ப் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு எல்லோரும் இக்னிஷனைத் தோண்டப் போய்விடுவார்கள்.

தடுமாறினால் அதிர்ஷ்டம் என்று சொல்வேன். தடுமாறாமல் ஓடினால்தான் ஆபத்து. சாதாரண எஞ்சினில் பெட்ரோல் குறைந்தால், மெக்கானிக் மொழியில் ‘லீன்’ ஆனால், சக்தி குறையும், அவ்வளவுதான். நைட்ரஸ் எஞ்சினில் லீன் என்பது வேறு விஷயம். வெல்டிங் பட்டறையில் கேஸ் கட்டிங் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்: முதலில் சுடரால் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி, பிறகு ஆக்ஸிஜன் லீவரை அழுத்தினால் இரும்பே எரிந்து வழியும். எரிபொருள் தீர்ந்தபின் மிச்சமிருக்கும் சூடான ஆக்ஸிஜன் பிஸ்டன் தலையிலும் வால்வு விளிம்பிலும் அதே வேலையைச் செய்கிறது. நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பது, தொடங்கினால் அலுமினியப் பிஸ்டனில் ஓட்டை விழ ஒரே ஓட்டம் போதும்.

எவ்வளவு பெட்ரோல் வேண்டும்? ஒரு கிராம் பெட்ரோலை எரிக்க ஏறத்தாழ ஒன்பதரை கிராம் நைட்ரஸ் ஆக்சைடு என்பது வேதியியல் கணக்கு. பந்தயக்காரர்கள் பாதுகாப்புக்காகப் பெட்ரோலை இன்னும் தாராளமாகவே வைப்பார்கள். நடைமுறையில் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை பவுண்டு பெட்ரோல் என்று போடுவது வழக்கம். அப்படியானால் கூடுதல் நூறு குதிரைத்திறனுக்கு நொடிக்கு 6.3 கிராம், அதாவது எட்டரை மில்லிலிட்டர். கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் குடும்பக் கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகையில் நொடிக்குக் குடிப்பது ஒரு மில்லிலிட்டர் சொச்சம். இருநூறு குதிரைத்திறன் எஞ்சினோடு நூறு குதிரைத்திறன் நைட்ரஸைச் சேர்த்தால் மொத்தம் நொடிக்கு 25 மில்லிலிட்டர், மணிக்கு 92 லிட்டர் வீதம். கம்பெனி பம்பும் கம்பெனி பைப்பும் இந்தப் பாட்டுக்கு ஆட முடியாது.

ஏமாற்று வேலை இங்கேதான் தொடங்குகிறது. கேஜ் காட்டிய ஏழு, பெட்ரோல் ஓடாதபோது காட்டிய ஏழு. ஓட்டமில்லாத குழாயில் உராய்வு இல்லை. அடைத்துப் போன ஃபில்டர்கூட முழு அழுத்தத்தைத் தாராளமாக மறுபக்கம் காட்டும். ஓடத் தொடங்கிய பிறகுதான் ஃபில்டரும், மெல்லிய பைப்பும், ‘எல்போ’ வளைவுகளும் தத்தம் பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே முதல் சோதனை எளிது. எஞ்சினை நிறுத்திவிட்டு, நைட்ரஸோடு சேர்ந்து திறக்கும் மின்வால்வான பெட்ரோல் சோலனாய்டிலிருந்து நாசிலுக்குப் போகும் பைப்பைக் கழற்றி, காரில் போட்டிருக்கும் அதே ஜெட்டை, அதாவது அளவான துளையுள்ள திருகை, அதன் முனையில் பொருத்தி, அளவு குறித்த பாத்திரத்தில் பத்து நொடி ஓடவிட வேண்டும். நூறு குதிரைத்திறன் ஜெட் என்றால் 85 மில்லிலிட்டர் அளவில் விழ வேண்டும். விழும்போதே கேஜைப் படிக்க வேண்டும். நின்ற பிறகு படிக்கும் எண்ணை எழுதிக்கொள்வதில் பயனில்லை. திறந்த வெளியில், பேட்டரி இணைப்பில் பொறி பறக்காதபடி, தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு செய்கிற வேலை இது. பீடியோடு வருகிற நண்பரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

அழுத்தம் கொஞ்சம் குறைந்தால் என்ன என்று கேட்கலாம். ஜெட் துளை வழியாகப் போகும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஏழு மூன்றரையானால் பெட்ரோல் பாதியாகாது. 71 விழுக்காடு வரும். இந்த விதி சற்றுக் கருணையுள்ளது. ஆனால் நைட்ரஸ் பக்கத்தில் ஆயிரத்தை ஒட்டிய பி.எஸ்.ஐ. நிற்கிறது, அது சற்றும் அசையாமல் முழு அளவு வந்துகொண்டிருக்கும். பெட்ரோல் பக்கத்துக் குறைவு மொத்தமும் பிஸ்டனின் தலையில் விழும்.

பாத்திரச் சோதனையில் 85 மில்லிலிட்டர் சரியாக விழுகிறது, பாதையில் மட்டும் கார் தடுமாறுகிறது என்றால்? இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. பாத்திரத்தில் பிடித்தபோது கார் நின்றுகொண்டிருந்தது.

பஸ் சட்டென்று கிளம்பும்போது நாம் பின்னால் சாய்கிறோம். பெட்ரோலும் சாய்கிறது. பெரும்பாலான கார்களில் டேங்க் பின்னால், எஞ்சின் முன்னால். நடுவில் மூன்று மீட்டர் நீளத்துக்குக் குழாயில் பெட்ரோல் தண்டு ஒன்று படுத்திருக்கிறது. கார் முன்னால் பாயும்போது அந்தத் தண்டு முழுவதையும் முன்னோக்கி முடுக்க வேண்டும்; அந்தத் தள்ளுவிசை பம்பிலிருந்துதான் வர வேண்டும். கணக்கு எளிது: பெட்ரோலின் அடர்த்தி கனமீட்டருக்கு 740 கிலோ. புவியீர்ப்பு முடுக்கத்தை ஒரு ‘ஜி’ என்று வைத்தால், ஒரு மீட்டர் குழாய்க்கு ஒரு ஜி-க்கு 7,260 பாஸ்கல் செலவாகும். பி.எஸ்.ஐ.யில் அது 1.05. ஆக, மீட்டருக்கு ஒன்று, ஜி-க்கு ஒன்று. மூன்று மீட்டர் குழாய், இரண்டு ஜி புறப்பாடு என்றால் ஆறு பி.எஸ்.ஐ.க்கு மேல் காணாமல் போகிறது. ஏழோடு கிளம்பிய காரில் உராய்வையும் கழித்தால் மிச்சம் ஏறத்தாழ ஒன்றுமில்லை. கார் நின்றதும் ஏழு திரும்பி வந்து கேஜில் உட்கார்ந்துகொள்ளும்.

உங்கள் கார் எத்தனை ஜி-யில் கிளம்புகிறது என்று அறியக் கருவி தேவையில்லை. பாதையின் முதல் 60 அடியை, அதாவது 18.3 மீட்டரை, கடக்கும் நேரம் போதும். 1.93 நொடி என்றால் சராசரி ஒரு ஜி. 1.37 நொடி என்றால் இரண்டு ஜி. சாதாரண டயரோடு வருகிற கார் ஒரு ஜி-யைத் தொடுவதே கடினம். அதற்கு இழப்பு மூன்று பி.எஸ்.ஐ.க்குள் நிற்கும், கோளாறும் பூசினாற்போலத்தான் தெரியும். நல்ல பந்தய டயர் வாங்கி மாட்டிய அன்று அதே கார் திடீரென்று பெட்ரோலுக்குத் திணறும். டயரை மாற்றினால் பெட்ரோல் ஏன் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

தீர்வுகளும் இந்தக் கணக்கிலிருந்தே வருகின்றன. பின்னால் இருக்கும் பம்பே ஏழு பி.எஸ்.ஐ.க்கு அமைக்கப்பட்டு நேராகக் கார்புரேட்டருக்குப் போகும் மலிவான அமைப்பைக் கைவிட வேண்டும். பம்ப் பதினைந்து, இருபது என்று தள்ளட்டும். ரெகுலேட்டர் முன்னால், சோலனாய்டுக்கு அருகில் நின்று அதை ஏழாகக் குறைக்கட்டும். நடுவழியில் ஆறு போனாலும் ரெகுலேட்டரின் வாசலில் ஒன்பதோ பதினான்கோ நிற்கும். இல்லையென்றால் சிறிய டேங்க் ஒன்றை எஞ்சினுக்கும் முன்னால் வைத்துவிடலாம். அப்போது பாய்ச்சலே பெட்ரோலை எஞ்சின் பக்கம் தள்ளும். முழுநேர டிராக் கார்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். டேங்கின் உள்ளேயும் பார்க்க வேண்டும்: பாயும்போது பெட்ரோல் பின்சுவரில் ஏறி நிற்கும், உறிஞ்சு குழாயின் வாய் முன்பக்கம் இருந்தால் அது காற்றைத்தான் குடிக்கும்.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நைட்ரஸ், பெட்ரோல் சோலனாய்டுகள் இரண்டும் திறக்கும் அதே நொடியில் பல ஆம்பியர் இழுக்கின்றன. எடையைக் குறைக்க ஆல்டர்னேட்டரையே கழற்றிவிட்ட கார்களில் பேட்டரி வோல்டேஜ் அப்போது இறங்கும், பம்பின் வேகமும் கூடவே இறங்கும். அதிகம் தேவைப்படும் நொடியில் பம்ப் தளர்கிறது. மீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. பம்பின் முனைகளில், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். பாதிக் கோளாறு துருப்பிடித்த எர்த் போல்ட்டில் இருக்கும்.

வெயிலுக்கு வருவோம். நைட்ரஸ் பற்றிய கையேடுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. பாட்டிலில் 900 முதல் 950 பி.எஸ்.ஐ. இருக்கட்டும், அதற்கு பாட்டிலைச் சூடாக்கும் ஹீட்டர் வாங்குங்கள் என்று அவை சொல்லும். நைட்ரஸ் ஆக்சைடு 20 டிகிரி செல்சியஸில் 50 பார், பி.எஸ்.ஐ.யில் 730 சொச்சம். 30 டிகிரியில்தான் 900-ஐத் தாண்டும். கலிபோர்னியாவின் குளிர்காலக் காலையில் ஹீட்டர் வேண்டியிருக்கும். வேலூர் வட்டாரத்துக் கத்திரி வெயிலில் நிழலிலேயே 40 டிகிரி தாண்டுகிறது. பூட்டிய காருக்குள் இருக்கும் பாட்டிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இங்கே ஹீட்டர் வாங்குபவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும், அதற்கு இந்தச் சிரிப்பு வாயு வேண்டியதில்லை.

சிரிப்போடு விடக்கூடிய விஷயமும் இல்லை. நைட்ரஸ் ஆக்சைடின் மாறுநிலை வெப்பம் 36.4 டிகிரி. அதற்கு மேல் பாட்டிலுக்குள் திரவம், ஆவி என்ற பிரிவே கிடையாது. இரண்டும் கலந்த ஒரே பொருளாகிவிடும். திரவத்தின் மேல் ஆவி நிற்கும்வரை அழுத்தத்தை வெப்பநிலை மட்டுமே தீர்மானிக்கும். அந்த எல்லையைத் தாண்டினால் எவ்வளவு நிரப்பினோம் என்பதும் சேர்ந்து தீர்மானிக்கிறது. முழுதாக நிரப்பிய பாட்டிலில் அழுத்தம் விறுவிறுவென ஏறும். அரைப் பாட்டில் அவ்வளவு ஏறாது. காலை ஆறு மணிக்குச் சரியாக ட்யூன் செய்த கார் பகல் இரண்டு மணிக்கு, புதிதாக நிரப்பிய பாட்டிலோடு, கணிசமாக அதிக நைட்ரஸை உள்ளே தள்ளும். பெட்ரோல் ஜெட் காலையில் இருந்ததுதான். மெக்கானிக் பெட்ரோல் பாதை முழுவதையும் அவிழ்த்துப் பார்ப்பார். அங்கே ஒரு குறையும் இருக்காது, லீன் ஆகும் கோளாறு மட்டும் இருக்கும். பாட்டிலின் கேஜை ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்பும் பார்த்து எழுதி வைப்பதும், ஈரக் கோணிச் சாக்கைச் சுற்றி நிழலில் வைப்பதும் இங்கே உள்ளவர்களுக்கு ஹீட்டரைவிட உதவும்.

வெயில் பெட்ரோலையும் விடுவதில்லை. பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. அதன் இலேசான கூறுகள் நாற்பது டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்குகின்றன. பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு என்பதால் அங்கே இன்னும் சீக்கிரம் கொதிக்கும். பம்புக்குள் திரவத்துக்குப் பதில் குமிழி போனால் அதைத்தான் நம் மெக்கானிக்குகள் ‘ஏர் லாக்’ என்கிறார்கள். பம்ப் டேங்குக்கு அருகிலும் அதைவிடத் தாழ்வாகவும் இருக்க வேண்டும் என்பதும், நெருக்கமான ஃபில்டரை பம்புக்குப் பின்னால்தான் போட வேண்டும், முன்னால் பெரிய கண் உள்ள சல்லடை போதும் என்பதும் இதனால்தான்.

இந்தியாவில் சேர்ந்துகொள்ளும் இன்னொரு கோளாறு, நாம் பங்கில் பிடிக்கும் பெட்ரோல். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்தது. இப்போது அதுதான் பொதுவான பெட்ரோல். எத்தனால் தன் மூலக்கூறிலேயே கொஞ்சம் ஆக்ஸிஜன் வைத்திருப்பதால் ஒரு கிராம் எரிய 9 கிராம் காற்று போதும். கலவைக்கு இது 14.7-இலிருந்து 13.5 அளவுக்கு இறங்குகிறது. வேறு விதமாகச் சொன்னால், அதே ஆக்ஸிஜனுக்கு ஒன்பது விழுக்காடு அதிகமாகப் பெட்ரோல் தேவை. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென்று கணக்கிட்ட ஜெட் அட்டவணையை அப்படியே போட்டால், எந்தக் கோளாறும் இல்லாமலே கார் ஒன்பது விழுக்காடு லீன். ஒரு மில்லிமீட்டர் ஜெட்டை 1.04, 1.05 என்று பெரிதாக்கினால் இது ஏறத்தாழ நேராகிவிடும். பழைய டேங்கில் படிந்த பிசினை எத்தனால் கரைத்துக்கொண்டு வந்து ஃபில்டரில் சேர்ப்பதையும், அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் பைப்புகளை ஊறவைப்பதையும் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் எங்கே ஓட்டிப் பார்ப்பது? வாலாஜாபேட்டையிலிருந்து ஆம்பூர்வரை நீண்டு கிடக்கும் நெடுஞ்சாலையில் அல்ல. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்ட 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு இடம் தருவதில்லை. சட்டத்தை விடுங்கள், அங்கே பால் வண்டியும் பள்ளிப் பிள்ளையும் குறுக்கே வருவார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில், பல பத்தாண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்தது. 1990 முதல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் இருக்கிறது. தேசிய பைக் டிராக் பந்தயங்கள் அங்கே நடந்திருக்கின்றன. தடத்தில் ஓட்டினால் பிளக்கைப் படிக்கவும் முடியும்: எல்லைக் கோட்டிலேயே எஞ்சினை அணைத்து, உருண்டு நிற்கவிட்டு, பிளக்கைக் கழற்றி லென்ஸில் பார்க்க வேண்டும். வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் போன்ற கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. வெள்ளி நிறத்தில் மின்னினால் அது பிஸ்டனின் அலுமினியம். அன்றைக்கு மேலும் ஓட்டக்கூடாது.

ஒவ்வொரு நைட்ரஸ் காரிலும் இருக்க வேண்டிய சின்னச் சாமான் ஒன்று உண்டு: பெட்ரோல் அழுத்தம் ஐந்துக்குக் கீழே போனால் சோலனாய்டுகளின் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச். விலை ஒரு பிஸ்டனைவிட மிகக் குறைவு. அது ரெகுலேட்டருக்குப் பிறகு, முன்னால் இருக்க வேண்டும். பின்னால் பம்ப் ஓரத்தில் பொருத்தினால், முன்னால் சுழியமானபோதும் அங்கே அழுத்தம் நன்றாகவே இருக்கும், சுவிட்ச் வாயைத் திறக்காது. பெட்ரோல் சோலனாய்டு திறக்கும் கணத்தில் அழுத்தம் லேசாக இறங்கும். அதைக் கண்டு சுவிட்ச் அடிக்கடி துண்டிக்கிறது என்று அதன் இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரெகுலேட்டருக்கும் சோலனாய்டுக்கும் நடுவே சற்றுத் தடித்த பைப்பைப் போட்டால் அந்த இறக்கம் அடங்கும். சோலனாய்டிலிருந்து நாசில்வரை பெட்ரோல் பைப்பை நைட்ரஸ் பைப்பைவிடக் குட்டையாக வைத்தால், ஆயிரம் பி.எஸ்.ஐ.யோடு ஓடிவரும் நைட்ரஸுக்கு முன்பே ஏழு பி.எஸ்.ஐ. பெட்ரோல் நாசிலுக்கு வந்துசேர்ந்துவிடும்.